சித்திரையில் சுவிஸ் மலை: பனிச்சரிவு ஆபத்து "2" என்றால் பெடியன்களை விடலாமா?

உவர்மலை

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை விடுமுறைக்குக் குடும்பமாகச் சுவிஸ் போகிறோம். தங்கச்சி தூண் நகரத்தில் இருக்கிறா. விசா வந்துவிட்டது, ரிக்கெற்றும் போட்டாயிற்று.

தங்கச்சியின் மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், மலை என்றால் பைத்தியம். என் மகனையும் கூட்டிக்கொண்டு, காலில் பனித்தட்டு மாட்டி, 2200 மீற்றர் மலை ஒன்றுக்கு ஏறத் திட்டம் போட்டிருக்கிறான். பனிச்சரிவு வராதா என்று கேட்டேன். "இப்ப ரெண்டுதான் மாமா, அஞ்சில ரெண்டு. பயப்பிட ஒண்டுமில்லை" என்கிறான். அஞ்சில் ரெண்டு என்றால் நாற்பது வீத ஆபத்தா? இது என்ன கணக்கு?

என் மகனுக்கு 19 வயது. நன்றாக நீந்துவான், கடல் தெரியும். பனி என்று அவன் கண்டது ஐஸ்பழப் பெட்டிக்குள் மட்டும்தான். திருகோணமலையில் இருந்துகொண்டு இதில் நான் என்ன முடிவெடுப்பது? தடுக்க வேண்டுமா, அல்லது எதையெதைக் கேட்டுவிட்டு அனுப்பலாம்? அங்கே இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

சல்லிக்கடல்

அண்ணை, இதில் கேட்க என்ன இருக்கிறது? விடாதீர்கள். ஏரிக்கரையில் நடக்கட்டும், சொக்கிலேற் வாங்கித் தின்னட்டும். மார்கழியில் வாடை அடிக்கும்போது நாங்கள் படகை இறக்குகிறோமா? இல்லையே. தெரியாத இடத்தில் வீரம் எதற்கு?

கொட்டியாரம்

நான் மூதூர் ஆள். இப்போது சுவிஸின் கிராவ்புண்டன் மாநிலத்தில் மலை ஹொட்டல் ஒன்றில் சமையல். இங்கே வேலை செய்கிற முக்கால்வாசிப் பேரும் லீவு நாளில் மலையில்தான் கிடப்பார்கள், அவர்களோடு சேர்ந்து பனிச்சரிவு வகுப்பும் போனேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 2. அதை வீதமாக்க முடியாது அண்ணா. ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான ஐந்து நிலைகள் 1993இல் வந்தன: குறைவு, மிதம், கணிசம், உயர்வு, மிக உயர்வு. ஒரு படி ஏறினால் ஆபத்து ஒரு பங்கு கூடுகிறது என்று அர்த்தம் இல்லை, பல மடங்காகக் கூடும். சுவிஸில் பனிக்கால நாட்களில் ஏறத்தாழப் பாதி, 2ஆம் நிலைதான். பனிச்சரிவில் இறப்பவர்களில் சுமார் 30 வீதம் பேர் அந்த 2இல்தான் இறக்கிறார்கள். 3இல் இறப்பவர்கள் ஏறத்தாழப் பாதி. 4, 5 வரும் நாட்களில் வீதியே மூடியிருக்கும், சனம் வீட்டை விட்டு வெளிக்கிடாது, அதனால் அங்கே சாவு குறைவு. ஆகவே உங்கள் மருமகன் 2 என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் 2 என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று அவன் சேர்த்துச் சொன்னது அவனுடைய சொந்தக் கருத்து.

அடுத்தது இதைவிட முக்கியம். தை, மாசியில் இந்த எண் காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வசந்தத்தில் அப்படியில்லை. காலையில் 1 ஆக இருந்த அதே சரிவு பிற்பகலில் 3 ஆகும். டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் (இங்கே எல்லோரும் எஸ்.எல்.எஃப். என்பார்கள்) மாலை 5 மணிக்கு அடுத்த நாளுக்கான அறிக்கையை வெளியிடும். வசந்தத்தில் உலர்பனிக்கு ஒரு நிலை, ஈரப்பனிக்கு வேறு நிலை என்று பிரித்துச் சொல்லும் நாட்கள் உண்டு. மருமகன் சொன்ன 2 எதற்கான 2? காலைக்கா, பிற்பகலுக்கா? எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவுக்கு? அறிக்கையில் இவை எல்லாம் எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும். வைட் ரிஸ்க் என்ற செயலியிலும் அதே அறிக்கை வரும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பவர்கள்தான் அதிகம்.

இன்னும் ஒன்று. பனிக்காலத்தில் இறந்தவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் அவர்களோ கூட வந்தவரோ கால் வைத்துத்தான் சரிவு பெயர்ந்திருக்கும். வசந்தத்து ஈரப்பனி தானாகவே பெயரும். யாரும் தொட வேண்டியதில்லை. "நான் கவனமாக நடப்பேன்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. எந்த நேரம், எங்கே நிற்கிறாய் என்பதுதான் கேள்வி.

உவர்மலை

மிக்க நன்றி தம்பி. தங்கச்சியிடம் கேட்டு அறிக்கையை மொழிபெயர்த்துப் பார்த்தேன். "தெளிந்த இரவுக்குப் பின் காலையில் நல்ல நிலைமை" என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதே மலைக்கு இரவு வெப்பநிலை +3 என்று வானிலைச் செயலி காட்டுகிறது. +3இல் தண்ணீர் உறையாதே? எப்படி நல்ல நிலைமை ஆகும்?

கொட்டியாரம்

நல்ல கேள்வி. இங்கே பத்து வருடம் பனியில் சறுக்குகிற ஆட்களுக்கே இது பிடிபடுவதில்லை.

செயலி காட்டுவது காற்றின் வெப்பநிலை. பனி அந்தக் காற்றை மட்டும் நம்பி இருக்கவில்லை. வானம் தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். காற்று +3 ஆக இருந்தாலும் பனி முகம் பூச்சியத்துக்குக் கீழே போய் இறுகிவிடும். முகில் மூடிய இரவில் அந்த வெப்பம் திரும்பிக் கீழே வரும். அப்போது காற்று 0 ஆக இருந்தாலும் பனி இறுகாது, முதல் நாள் ஈரம் அப்படியே நிற்கும். இரவு மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் வசந்தத்தில் மலைக்குப் போகிறவன் விடிய நாலு மணிக்கு எழும்பி முதலில் பார்ப்பது வெப்பமானியை அல்ல, வானத்தை. நட்சத்திரம் தெரிகிறதா? தெரிந்தால் சப்பாத்தை மாட்டு. தெரியாவிட்டால் திரும்பிப் படு.

இறுகிய பனியைக் காலில் அறியலாம். விடியற்காலை சப்பாத்து அடி பதியாது, நறுக்நறுக்கென்று சத்தம் மட்டும் கேட்கும். ஊன்றுகோலைக் குத்தினால் முனை துள்ளி விலகும். வெயில் பட்டுக் கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு விரல் அளவுக்கு இளகும், சறுக்குபவர்கள் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். அப்புறம் கோலைக் குத்தினால் இறுகிய மேலோட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும், அடியில் உள்ள பனி நனைந்த சீனி மாதிரிக் கலகலவென்று இருக்கும். கணுக்காலுக்கு மேல் புதையத் தொடங்கினால் நீ பிந்திவிட்டாய் என்று அர்த்தம். பாறையடியில் இருந்தும் மரத்தடியில் இருந்தும் சின்னச் சின்ன உருண்டைகள் கோடு போட்டுக்கொண்டு உருண்டு வரும், அதுவும் அறிவித்தல்தான்.

பூகோள ரீச்சர்

உவர்மலை ஐயா, ஊரில் இருந்துகொண்டு எப்படி விளங்கிக்கொள்வது என்று கேட்டீர்கள். எங்கள் பாடத்தில் இருந்தே சொல்கிறேன்.

திருகோணமலை வட அகலக்கோடு 8 பாகை சொச்சத்தில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பு அண்டிய நாட்களில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அதனால் இங்கே மலை தெற்கு பார்த்ததா வடக்கு பார்த்ததா என்று யாரும் யோசிப்பதில்லை. சுவிஸ் 47 பாகை அளவில். அதே நாளில் அங்கே நண்பகல் சூரியன் தெற்கே, அடிவானில் இருந்து சுமார் 52 பாகை உயரத்தில் நிற்கும். இப்போது 35 பாகை சாய்ந்த சரிவு ஒன்று தெற்கு பார்த்து நிற்கிறது என்று வையுங்கள். 52உம் 35உம் கூட்டினால் 87. அதாவது சூரியக் கதிர் அந்தச் சரிவில் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது, எங்கள் கடற்கரை மணலில் விழுவதுபோலவே. அதே 35 பாகைச் சரிவு வடக்கு பார்த்து நின்றால் 52இல் 35ஐக் கழிக்க வேண்டும். 17 பாகை, வெயில் தடவிக்கொண்டு போகும். ஒரே மலை, ஒரே நேரம், ஒரு பக்கம் உருகுகிறது, மறுபக்கம் மாசி மாதம்போல் கிடக்கிறது. கிழக்குச் சரிவில் காலையிலேயே வெயில் ஏறிவிடும், மேற்குச் சரிவுக்குப் பிற்பகல்தான்.

இன்னொன்று. ஆனி, ஆடியில் எங்களை வாட்டுகிற கச்சான் காற்று இருக்கிறதே, தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருவது. அல்ப்ஸ் மலையிலும் அதே இனக் காற்று உண்டு, பெயர் ஃபென். தெற்கில் இருந்து மலையைத் தாண்டி வடக்குப் பள்ளத்தாக்குகளில் சூடாக இறங்கும். பனியைத் தின்னும் காற்று என்பார்கள்.

கொட்டியாரம்

ரீச்சர், அந்த 87 கணக்கை நான் இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. ஃபென் பற்றியும் சரி. ஃபென் அடித்த இரவை நாங்கள் நம்புவதில்லை, வானம் தெளிந்திருந்தாலும்கூட.

தூண் மருமகன்

மாமா, நான்தான். அம்மா இதை அனுப்பினா. என் தமிழ் எழுத்தை அம்மா திருத்தித் தருகிறா.

எல்லோரும் நான் மச்சானைக் கொல்லப் போகிறேன் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. திட்டம் இதுதான். காலை 9 மணிக்கு நடக்கத் தொடங்குவோம். வடகிழக்குப் பக்கத்தால் ஏறுவோம். 12 மணிக்கு மேலே சாப்பாடு. பிறகு தென்மேற்குப் பக்கத்தால் மாட்டுப் புல்வெளி வழியாக இறங்கி, 3 மணி பஸ். பாதை எங்கும் 25 பாகைதான், மேலே ஒரு சின்னத் துண்டு மட்டும் 30க்கு மேல். என்னிடம் தேடுகருவி (சமிக்ஞை அனுப்பவும் தேடவும் செய்வது), குத்துகோல் (புதைந்தவரைப் பனிக்குள் குத்திப் பார்ப்பது), மண்வெட்டி எல்லாம் இருக்கிறது. வகுப்பும் படித்திருக்கிறேன். வருடா வருடம் போகிறேன்.

கொட்டியாரம்

வணக்கம் தம்பி. வந்து எழுதியது நல்லது, நேரே கதைக்கலாம்.

ஏற்றம் வடகிழக்கு, சரி. ஆனால் 9 மணிக்கு வெளிக்கிட்டால் கிழக்கு முகத்தில் ஏற்கனவே வெயில் ஏறியிருக்கும். இறக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தென்மேற்குச் சரிவில் பிற்பகல் 1 மணியில் இருந்து 3 மணி வரை நிற்கப் போகிறாய். ஒரு நாளில் அந்தச் சரிவுக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை மேலே வைத்ததால் வந்த வினை இது. சாப்பாட்டைக் கீழே வை.

அடுத்தது 25 பாகை. நீ நடக்கிற பாதை 25, அது சரி. அந்தப் பாதைக்கு மேலே என்ன இருக்கிறது? சுவிஸ் நிலப்படத்தில் சரிவு நிறங்களைப் போட்டுப் பார். மஞ்சள் 30 முதல் 35, செம்மஞ்சள் 35 முதல் 40, சிவப்பு 40 முதல் 45, ஊதா அதற்கு மேல். பாதையைப் பார்க்காதே, பாதைக்கு மேலே உள்ள நிறத்தைப் பார். அங்கே பெயர்ந்தது உன் 25 பாகையைக் கடந்து சமதரை வரை வரும். எங்கள் மூதூர்ப் பக்கம் டிப்பரில் மணல் பறிப்பதைக் கண்டிருப்பீர்கள். பெட்டி உயர உயர ஒன்றும் அசையாது, ஒரு கோணம் வந்ததும் மொத்தமும் ஒரே தடவையில் வரும். டிப்பருக்குப் பின்னால் நிற்பவன் சமதரையில்தான் நிற்கிறான்.

மூன்றாவது, மாட்டுப் புல்வெளி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், வேலை முடிந்து வருகிறேன்.

வேலூர் படைவீரன்

தமிழ்நாட்டில் இருந்து எழுதுகிறேன், லடாக்கில் பணி செய்து ஓய்வு பெற்றவன். உள்ளே வரலாமா?

நீங்கள் எல்லோரும் நேரம், நேரம் என்கிறீர்கள். அதிகாலை போனால் பத்திரம் என்று இந்தப் பிள்ளைகள் புரிந்துகொண்டுவிடக் கூடாது. 2014 ஏப்ரல் 18, எவரெஸ்ட்டில் கும்பு பனியருவியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். காலை ஆறே முக்கால் மணி. வெயில் உருக்கி வந்ததல்ல அது, மேலே தொங்கிய பனிக்கட்டிப் பாறை உடைந்து விழுந்தது. 2016 பிப்ரவரி 3, சியாச்சினில் எங்கள் 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள், 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். பெரிய பனிக்கட்டிச் சுவர் இடிந்தது அங்கே. கடிகாரம் பார்த்துத் தப்பிக்கிற விஷயமில்லை அது.

சல்லிக்கடல்

இதைத்தானே நானும் சொல்கிறேன் ஐயா. வீட்டில் இருக்கட்டும்.

கொட்டியாரம்

ஐயா சொல்வது உண்மை. ஆனால் அது பனியாற்றுக் கட்டி, இவர்கள் போகிற 2200 மீற்றர் மலையில் பனியாறு இல்லை. அதை நினைத்து இங்கே பயப்பட வேண்டாம்.

ஆனால் கடிகாரம் பார்க்காத ஒன்று இங்கேயும் இருக்கிறது, அதைத்தான் புல்வெளி என்று சொன்னேன். நீளமான புல் மடிந்து கிடக்கிற வழுவழுப்பான சரிவில் முழுப் பனியும் தரையோடு சேர்ந்து நகரும். ஒரு நாளைக்கு ஒரு சில சென்ரிமீற்றர். மேலே வாய் பிளந்ததுபோல் ஒரு வெடிப்பு விழும், தூரத்தில் இருந்தே பழுப்பாகத் தெரியும். அந்த வெடிப்பு விழுந்து ஒரு மணித்தியாலத்திலும் சரியலாம், ஒரு மாதம் அப்படியே கிடக்கவும் செய்யலாம். நடுச்சாமத்தில் வந்ததும் உண்டு. எந்த நிறுவனமும் நேரம் சொல்லாது. அடியில் நீர் ஊறி வழுக்குவதால் வருகிறது, மேலே இறுகிய ஓடு இருந்தும் பிரயோசனம் இல்லை. அதற்கு ஒரே வழி, வெடிப்பைக் கண்டால் அதற்குக் கீழே போகாதே. போயே ஆக வேண்டும் என்றால் நிற்காதே. படம் எடுக்க, தேத்தண்ணி குடிக்க அந்த இடம் வேண்டாம்.

தம்பி, உன் தென்மேற்கு இறக்கம் புல்வெளி. பிற்பகல் வெயில், புல்தரை, மேலே மஞ்சளா செம்மஞ்சளா என்று நீ இன்னும் சொல்லவில்லை.

தூண் மருமகன்

பார்த்தேன். பாதைக்கு மேலே 200 மீற்றர் அளவு செம்மஞ்சள்.

சரி, தென்மேற்கு வேண்டாம். ஏறின வழியாலேயே இறங்கலாம். 6 மணிக்குத் தொடங்கினால் 9.30க்கு மேலே, 11 மணிக்குக் கீழே. ஆனால் அண்ணா, 2 என்றால் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னால் யாரும் மலைக்கே போக முடியாது. காரில் போவதும் ஆபத்துத்தான்.

கொட்டியாரம்

வீட்டில் இரு என்று நான் எங்கேயும் எழுதவில்லையே. சல்லிக்கடல் அண்ணை எழுதினார். 6 மணித் திட்டம் எனக்குச் சம்மதம், வானம் தெளிந்த இரவாக இருந்தால். இன்னும் ஒன்று பார், அறிக்கையில் "பழைய பனி" என்று ஒரு சொல் இருக்கிறதா? பனிக்கால ஆரம்பத்தில் விழுந்து, சீனி மணியாகி, அடியில் புதைந்து கிடக்கும் பலவீனமான படை அது. வசந்தத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் அதுவரை இறங்கும் நாட்களில் முழுப் பனியும் தரை வரை பெயரும். வடக்கு, வடகிழக்குச் சரிவுகளில் இது பிந்தித்தான் வரும், அதாவது உன் ஏற்றப் பாதையில். தெற்குப் பக்கம் எல்லாம் உருகி அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் வடக்கில் மாட்டுவது இப்படித்தான்.

இப்போது கருவி. உன்னிடம் ஒரு தொகுதி இருக்கிறது. மச்சானிடம்?

தூண் மருமகன்

அவனுக்கு இல்லை. நான் அனுபவம் உள்ளவன், நான் தேடுவேன் என்று நினைத்தேன்.

கொட்டியாரம்

அவனிடம் கருவி இல்லை என்றால் நீ எதைத் தேடுவாய்? உன் கருவி தேடுவது இன்னொரு கருவியின் சமிக்ஞையைத்தான், 457 கிலோஹெர்ட்ஸ். ஆளையல்ல.

அதைவிட, புதைவது நீயாக இருந்தால்? முன்னால் நடப்பவன் நீ. அப்போது உன்னை எடுக்க வேண்டியவன் பனியை முதல் தடவை காணும் 19 வயதுப் பெடியன். உன் உயிர் அவன் கையில். நீ எவ்வளவு படித்திருக்கிறாய் என்பது அந்த நேரத்தில் கணக்கில் வராது, அவனுக்கு என்ன தெரியும் என்பதுதான் கணக்கு.

சல்லிக்கடல்

ஹெலிகொப்டர் வராதா? சுவிஸ்தானே.

கொட்டியாரம்

வரும் அண்ணை. ரேகா என்ற வான்மீட்புச் சேவை, 1414 அடித்தால் வருவார்கள், உலகத்திலேயே நல்ல சேவைகளில் ஒன்று. ஆனால் பனிக்குள் புதைந்தவனுக்கு மூச்சுத்தான் பிரச்சினை, குளிர் அல்ல. முன்பு 18 நிமிடம் வரை பெரும்பாலானோர் பிழைப்பார்கள் என்று படிப்பித்தார்கள். 2024இல் சுவிஸ் தரவுகளை வைத்து வந்த ஆய்வு அதை 10 நிமிடத்துக்குக் குறைத்துவிட்டது. 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணித்தியாலம் ஆனால் மூன்றில் ஒருவர்கூட இல்லை. ஹெலிகொப்டர் 10 நிமிடத்தில் வந்து, தேடி, தோண்டி எடுக்குமா? எடுப்பது பக்கத்தில் நிற்பவன்தான். ஈரப்பனி வேறு, ஒரு கன மீற்றர் 400, 500 கிலோ. நின்றதும் இறுகிவிடும், கையால் கிண்ட முடியாது. மண்வெட்டி கேட்பது அதற்குத்தான்.

ஹனுமந்தப்பா ஆறு நாள் இருந்தார் என்று படித்துவிட்டு யாரும் கணக்குப் போட வேண்டாம். அது ஆயிரத்தில் ஒன்று.

பதுளை ரோட்

நான் பிறந்தது கொஸ்லந்தைப் பக்கம், இப்போது திருகோணமலை. இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு மீரியபெத்தை மண்சரிவுதான் ஞாபகம் வருகிறது. 2014 ஒக்டோபர் 29. அங்கேயும் எச்சரிக்கை முன்பே இருந்தது. ஆனால் எச்சரிக்கை கொடுத்தால் போதுமா? தோட்ட லயத்தில் இருக்கிற சனம் எங்கே போகும், மாற்று வீடு எங்கே? சுவிஸில் மலைக்குப் போவதும் போகாததும் ஒருவர் விருப்பம். எங்கள் ஆட்களுக்கு மலைதான் வீடு. இரண்டையும் ஒன்றாக வைத்துக் கதைக்க மனம் வரவில்லை.

பூகோள ரீச்சர்

உண்மைதான். மண்சரிவுக்கும் இங்கே மழை அளவை வைத்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கிறார்கள். அல்ப்ஸ் ஊர்களிலும் வீட்டில் இருந்தவர்கள் இறந்த காலம் உண்டு. 1999 பெப்ரவரி 23இல் ஒஸ்ரியாவின் கால்ற்றூர் கிராமத்தில் 31 பேர், வீடுகள் இருந்த இடத்திலேயே. பாதுகாப்பான பகுதி என்று குறித்திருந்த இடம்வரை பனி வந்தது. அதற்குப் பிறகு வரைபடத்தைத் திருத்தினார்கள், தடுப்புச் சுவர் கட்டினார்கள். எங்களுக்கும் வரைபடம் இருக்கிறது. அடுத்த படிதான் நடப்பதில்லை. சரி, இது வேறு இழைக்குரிய விஷயம், நீங்கள் தொடங்குங்கள், நான் வந்து எழுதுகிறேன்.

உவர்மலை

கால்ற்றூர் கதையை மனைவி படித்துவிட்டா. இப்போது தங்கச்சி வீடே பாதுகாப்பா என்று கேட்கிறா!

தூண் மருமகன்

மாமி, தூண் ஏரிக்கரை நகரம், 560 மீற்றர் உயரம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சுப்பர்மார்க்கெற்றும் றெயில் ஸ்ரேசனும்தான் இருக்கிறது. பயப்பட வேண்டாம்.

மட்டுறுத்துநர்

இடையில் வந்த குளிர்ச்சட்டை விற்பனை விளம்பரம் நீக்கப்பட்டது. இழையைத் தொடருங்கள்.

உவர்மலை

எல்லாவற்றையும் படித்தேன். தம்பி கொட்டியாரம், உன்னிடம் நேரே ஒரு கேள்வி. உன் சொந்த மகன் முதல் தடவை வந்தால் கூட்டிக்கொண்டு போவாயா?

கொட்டியாரம்

முதல் நாளே அந்த மலைக்குக் கூட்டிப் போகமாட்டேன். முதலில் ரோசா நிறப் பலகை போட்ட பனிக்கால நடைபாதையில் விடுவேன். அந்தப் பாதைகளைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆபத்து என்றால் மூடிவிடுவார்கள். மூடிய பலகையைத் தாண்டிப் போகாமல் இருந்தால் போதும். கோடையில் காணும் மஞ்சள் பலகையும் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடும் சித்திரையில் செல்லாது, பனிக்குள் அந்தப் பாதை எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் கைத்தொலைபேசியில் கோடைப் பாதையைப் பார்த்துவிட்டு சித்திரையில் ஏறி மாட்டுவது இங்கே வழக்கம்.

அங்கே ஓரிரு தடவை நடந்து, பனியில் கால் எப்படி நிற்கிறது என்று பழகி, கருவியில் தேடிப் பழகிய பிறகு, தெளிந்த இரவுக்குப் பின் விடிய 6 மணிக்கு என்றால் கூட்டிப் போவேன். 10 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று முதல் நாள் இரவே பேசி வைப்பேன், மேலே போய்ப் பேசமாட்டேன். உச்சி தெரிகிற தூரத்தில் நின்று யாரும் நியாயமாக யோசித்ததை நான் கண்டதில்லை.

சல்லிக்கடல்

இந்தக் கடைசி வரி கடலுக்கும் பொருந்தும். சரி அண்ணை, நான் எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன், பாதி மட்டும்.

தூண் மருமகன்

நானும் பாதி ஒத்துக்கொள்கிறேன். 10 மணி என்பது கண்டிப்பு அதிகம், வடகிழக்கில் 11 வரை நன்றாக இருக்கும். ஆனால் மச்சானுக்கு முதல் தடவை என்பதால் 10 என்றே வைக்கிறேன். ரோசாப் பாதைக்கு முதல் கிழமை போவோம்.

உவர்மலை

இன்னொன்று. விசாவுக்காக 30,000 யூரோ பயணக் காப்புறுதி எடுத்தோம். சிறிய எழுத்தை இன்றைக்குத்தான் வாசித்தேன். "மலை விளையாட்டு, வழிகாட்டி இல்லாத பனி நடை சேராது" என்று இருக்கிறது. யாரும் சொல்லவே இல்லை.

கொட்டியாரம்

பல காப்புறுதியில் அப்படித்தான் அண்ணா. கொஞ்சக் காசு கூடக் கட்டினால் அதையும் சேர்த்துத் தருவார்கள், முகவரிடம் எழுத்தில் கேளுங்கள், வாயால் சொன்னது வேண்டாம். மீட்புச் செலவு தனியாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெலிகொப்டர் பறந்தால் கட்டணம் சிகிச்சைக்கு முன்பே தொடங்கிவிடும்.

கருவியை வாங்க வேண்டாம். மலை விளையாட்டுக் கடைகளில் தேடுகருவி, குத்துகோல், மண்வெட்டி மூன்றையும் சேர்த்து வாடகைக்குத் தருவார்கள். எடுக்கும்போது மின்கலம் எவ்வளவு வீதம் என்று கடையிலேயே பாருங்கள். தம்பி, ஒரு கருவியைத் துணியில் சுற்றி அம்மாவின் தோட்டத்தில் புதைத்து வை, மச்சான் தேடட்டும். கண்டுபிடிப்பது மட்டும் போதாது, தோண்டவும் விடு. தோண்டுவதில்தான் நேரம் எல்லாம் போகும்.

தூண் மருமகன்

அம்மா தோட்டத்தில் வேண்டாமாம், இப்பதான் வெங்காயம் வைத்தவாவாம். பக்கத்துப் பார்க்கில் செய்கிறோம்.

உவர்மலை

மகன் கேட்கிறான்: கைத்தொலைபேசியை அந்தக் கருவியோடு ஒரே பொக்கற்றில் வைக்கலாமா?

கொட்டியாரம்

கூடாது. அனுப்பும் நிலையில் குறைந்தது 20 சென்ரிமீற்றர் தள்ளி, தேடும்போது 50. கருவி நெஞ்சுப் பட்டியில், தொலைபேசி காற்சட்டைப் பொக்கற்றில். தேடத் தொடங்கும்போது தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள், 1414 அடித்த பிறகு.